பார்வையற்ற கீபோர்டுக்காரருக்கு ஸ்டாஃப் நொட்டேஷன்: ஈர்க்குச்சி, களிமண் போதும்

பிரெயில் நொட்டேஷன் தெரிந்தவருக்கு அச்சில் இருக்கும் ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது கோடுகளின் மேல் குறி வைத்து எழுதும் இசைக்குறிப்பு, எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தனியாக உட்கார்ந்து வாசிப்பவருக்கு அது தேவையே இல்லை. பாட்டைக் காதில் வாங்கி அப்படியே கையில் கொண்டுவருபவருக்கும் தேவையில்லை. ஆனால் வேலூரில் டிசம்பர் பிறந்துவிட்டால் நம்மில் பாதிப் பேர் ஏதாவது ஒரு கேரல் பிராக்டிஸில் இருப்போம். சுற்றி நிற்கும் எல்லார் கையிலும் ஜெராக்ஸ் தாள் இருக்கும். கொயர் மாஸ்டர் பாட்டுக்கு, "ஆல்டோ, மூணாவது பார்ல ஃபிளாட் போட்டிருக்கு பாருங்கம்மா, கொம்பு கீழ போகுதே, அந்த நோட்டுக்கு" என்று சொல்லிக்கொண்டே போவார். ஃபிளாட் நமக்குப் புரியும். கொம்பு ஏன் கீழே போகிறது, அது எப்படி ஆல்டோ என்று அவருக்குத் தெரிந்தது என்பது புரியாது.

அந்த இடைவெளியை அடைக்கத்தான் இந்தப் பாடம். தாளை விரலால் தடவி வாசிக்கப் பழக்குவது என் நோக்கம் இல்லை. புடைப்பாக அச்சடித்த ஸ்டாஃபை விரலால் படிக்கலாம்தான், ஆனால் ஆமை வேகம். வாசிக்க பிரெயில், மற்றவர்களோடு பேசிக்கொள்ள அச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டில் சி, டி, இ எங்கே இருக்கின்றன, ஷார்ப், ஃபிளாட் என்றால் என்ன என்பது தெரிந்தால் போதும், தொடங்கலாம்.

படி 1: அட்டை தயார் செய்வது

பரீட்சை எழுதும் அட்டை ஒன்று, தென்னந்துடைப்பத்தில் உருவிய ஈர்க்குச்சிகள் சில, ஃபெவிகால், பிள்ளைகள் விளையாடும் களிமண் ஒரு பாக்கெட். வீட்டில் இல்லாததை லாங் பஜாரில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். களிமண்ணுக்குப் பதில் சப்பாத்தி மாவும் உதவும், எறும்பு வருவதற்குள் பாடத்தை முடித்துவிட்டால்.

ஐந்து ஈர்க்குச்சிகளை ஒரே நீளத்துக்கு வெட்டி, அட்டையில் இடமிருந்து வலமாக, ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டுங்கள். இரண்டு குச்சிக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. சுண்டுவிரல் நுனி அந்தச் சந்தில் வசதியாக உட்கார வேண்டும். துடைப்பக்குச்சி ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும், அதனால் ஓரளவு ஒரே பருமன் உள்ள துண்டுகளாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள். இரவு முழுக்கக் காயவிடுங்கள்.

கீபோர்டு வாசிக்கும்போது தாளை நிறுத்தி வைப்பதுபோல் அட்டையைச் செங்குத்தாக நிறுத்த வேண்டாம். மேஜையில் படுக்கவைத்துத் தடவுவதுதான் வசதி. உங்களுக்குத் தூரமாக இருக்கும் குச்சிதான் "மேலே", வயிற்றுப் பக்கம் இருப்பது "கீழே".

படி 2: ஐந்து கோடு, நான்கு சந்து

இந்த ஐந்து குச்சிகள் சேர்ந்ததுதான் ஸ்டாஃப். கோடுகளைக் கீழிருந்து மேலாகத்தான் எண்ணுவார்கள். "செகண்ட் லைன்" என்றால் கீழிருந்து இரண்டாவது. சந்துகளும் அப்படியே, கீழிருந்து ஒன்று முதல் நான்கு வரை.

இப்போது இந்தப் பாடத்திலேயே முக்கியமான விஷயம். கீபோர்டில் வலது பக்கம் போனால் சுருதி ஏறும். தாளில் அப்படி இல்லை. தாளில் மேலே போனால்தான் சுருதி ஏறும், வலது பக்கம் போவது நேரம். வலதுகையால் தடவிக்கொண்டே போனால் பாட்டு நகர்கிறது, விரல் மேலே ஏறினால் குரல் ஏறுகிறது. பார்வையுள்ளவர்கள் "மெலடி இங்க ஏறுது பாரு" என்று சொல்வது உவமை இல்லை. தாளில் புள்ளிகள் நிஜமாகவே மேலே ஏறிப் போகின்றன.

பிரெயிலில் இது எதுவும் கிடையாது. சி, டி, இ எல்லாம் ஒரே வரியில் எழுத்து எழுத்தாகப் போகும். ஏற்றமும் இறக்கமும் குறியில்தான் இருக்கிறது, இடத்தில் இல்லை. அச்சைப் புரிந்துகொள்ள நமக்குத் தடையாக இருப்பது இந்த ஒன்றுதான். இதைத் தாண்டிவிட்டால் மிச்சமெல்லாம் மனப்பாடம்.

ஒரு கோட்டிலிருந்து அடுத்த சந்து ஒரு சுரம், அந்தச் சந்திலிருந்து அடுத்த கோடு இன்னொரு சுரம். வெள்ளைக் கட்டைகளை ஒவ்வொன்றாக மிதிப்பதுபோல் கோடு, சந்து, கோடு, சந்து என்று மாறி மாறி ஏறும். கருப்புக் கட்டைகளுக்குத் தனி இடம் கிடையாது. அவை எப்படி வருகின்றன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சரளி வரிசையில் தொடங்கி இங்கே வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் சுரக்குறிப்பில் "ச" எந்தக் கட்டை சுருதிக்கும் பொருந்தும். ஸ்டாஃப் அப்படி வளைந்து கொடுக்காது. ஒரு கோடு ஒரு கட்டைக்குத்தான்.

படி 3: கிளெஃப்

ஐந்து கோடு மட்டும் இருந்தால் எந்தக் கோடு எந்தக் கட்டை என்று தெரியாது. அதைச் சொல்வதற்கு இடது ஓரத்தில் ஒரு குறி இருக்கும். டிரெபிள் கிளெஃப் என்பது உயரமான ஒரு சுழி. ஸ்டாஃபுக்கு மேலேயும் கீழேயும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வயிற்றுச் சுருள் இரண்டாவது கோட்டைச் சுற்றிக்கொள்ளும். அந்தக் கோடு ஜி. அங்கிருந்து எண்ணினால் கோடுகள் கீழிருந்து இ, ஜி, பி, டி, எஃப். சந்துகள் எஃப், ஏ, சி, இ.

பேஸ் கிளெஃப் காது மடல்போல வளைந்திருக்கும். அதன் வலப்புறம் இரண்டு புள்ளிகள், நான்காவது கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. அந்தக் கோடு எஃப். கோடுகள் ஜி, பி, டி, எஃப், ஏ. சந்துகள் ஏ, சி, இ, ஜி.

கீபோர்டு தாளில் இரண்டு ஸ்டாஃபும் ஒன்றின் கீழ் ஒன்றாக, இடது ஓரத்தில் ஒரு நெளிந்த அடைப்பால் கட்டப்பட்டிருக்கும். நடு சி இரண்டிலும் சேராமல் இடையில் நிற்கும். டிரெபிளில் எழுதினால் கீழே ஒரு சின்னத் துண்டுக்கோடு போட்டு அதில் வைப்பார்கள், பேஸில் எழுதினால் மேலே ஒரு துண்டுக்கோடு. இந்தத் துண்டுக்குப் பெயர் லெட்ஜர் லைன். ஒரு ஈர்க்குச்சியை ஒன்றரை சென்டிமீட்டருக்கு நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்ததில் வேண்டும்.

பிரெயிலில் கிளெஃப் பெரும்பாலும் தேவைப்படாது, எந்த ஸ்தாயி என்று காட்டும் ஆக்டேவ் குறியே எல்லாவற்றையும் சொல்லிவிடும். அதனால்தான் நம்மில் பலருக்கு இது கேள்விப்பட்ட பெயராகவே நின்றுவிடுகிறது.

படி 4: நோட்டின் உருவம்

களிமண்ணைக் கொஞ்சம் கிள்ளி உருட்டி, சற்றே நீள்வட்டமாகத் தட்டுங்கள். சந்தில் வைத்தால் இரண்டு குச்சியையும் தொட வேண்டும். கோட்டின் மேல் வைத்தால் குச்சி அதன் நடுவே ஓட வேண்டும். இதுதான் நோட்டின் தலை.

தலை நிறைந்திருக்கிறதா, உள்ளே ஓட்டையா என்பது முதல் வித்தியாசம். பென்சிலின் மழுங்கிய முனையால் நடுவில் அழுத்தினால் ஓட்டைத் தலை. ஓட்டைத் தலை, கொம்பு இல்லை: செமிபிரீவ், நான்கு எண்ணிக்கை. ஓட்டைத் தலை, கொம்பு உண்டு: மினிம், இரண்டு. நிறைந்த தலை, கொம்பு உண்டு: குரோச்செட், ஒன்று. அதே குரோச்செட்டின் கொம்பு நுனியில் ஒரு வால் தொங்கினால் குவேவர், அரை. இரண்டு வால் என்றால் அதிலும் பாதி. குவேவர்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் வால்களை எடுத்துவிட்டுக் கொம்பு நுனிகளை ஒரு தடித்த பட்டையால் இணைத்துவிடுவார்கள்.

கொம்பு என்பது தலையிலிருந்து நிமிரும் அல்லது தொங்கும் கோடு. நடுக்கோட்டுக்குக் கீழே உள்ள நோட்டுக்குக் கொம்பு வலப்பக்கத்திலிருந்து மேலே போகும். மேலே உள்ள நோட்டுக்கு இடப்பக்கத்திலிருந்து கீழே தொங்கும். இதற்கும் சுரத்துக்கும் சம்பந்தமில்லை, தாளில் இடம் மிச்சம் பிடிக்கத்தான். வால் மட்டும் கொம்பு எப்படிப் போனாலும் வலப்பக்கம்தான்.

மௌனங்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நான்கு எண்ணிக்கை மௌனம் நான்காவது கோட்டின் அடியில் தொங்கும் சின்னக் கட்டை, இரண்டு எண்ணிக்கை மௌனம் அதே கட்டை மூன்றாவது கோட்டின் மேல் உட்கார்ந்திருப்பது. மற்றவை நெளிவுகள். தடவிக் கற்றுக்கொள்ளும் அளவுக்கு அவற்றில் ஒன்றும் இல்லை.

படி 5: ஒரு பாட்டை அட்டையில் வைப்பது

பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில் வரும் அந்த ஆனந்தப் பாட்டு மெட்டு, கீபோர்டு வகுப்புக்குப் போன யாருக்கும் கையில் இருக்கும். சி மேஜரில் இ இ எஃப் ஜி, ஜி எஃப் இ டி, சி சி டி இ, இ டி டி. அதையே எடுத்துக்கொள்வோம்.

இடது ஓரத்தில் கிளெஃபுக்கு ஒரு களிமண் சுருளை இரண்டாவது கோட்டில் சுற்றிவிடுங்கள். அதற்கு வலப்பக்கம் டைம் சிக்னேச்சர், அதாவது ஒரு பாருக்கு (பாட்டின் ஒரு தாளக் கட்டத்துக்கு) எத்தனை எண்ணிக்கை என்று சொல்லும் குறி: ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு நான்குகள். மேல் நான்கு மேலிரண்டு சந்துகளை நிரப்பும், கீழ் நான்கு கீழிரண்டு சந்துகளை. கணக்கில் வரும் பின்னம்போல நடுவில் தனிக் கோடு கிடையாது, ஸ்டாஃபின் நடுக்கோடுதான் ஓடும்.

முதல் பார்: இரண்டு நிறைந்த தலைகள் முதல் கோட்டில், ஒன்று முதல் சந்தில், ஒன்று இரண்டாவது கோட்டில். இப்போது விரலை இடமிருந்து வலமாக ஓட்டுங்கள். சமமாக இரண்டு, பிறகு ஒரு படி, இன்னொரு படி. பாட்டை வாய்க்குள் பாடிக்கொண்டே தடவினால் குரல் ஏறும் இடத்தில் விரலும் ஏறும்.

பார் முடிந்ததும் ஸ்டாஃபின் உயரத்துக்கு ஒரு நெட்டுக் குச்சி. அதுதான் பார் லைன். இரண்டாவது பார் அதே படிகளில் இறங்கி, டி-யில் முடியும். டி எங்கே? முதல் கோட்டுக்கும் கீழே, அதன் அடியில் ஒட்டிக்கொண்டு தொங்கும். மூன்றாவது பாரில் சி வருகிறது. நறுக்கி வைத்த துண்டை முதல் கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே வைத்து, அதன் மேல் தலையை வையுங்கள். இந்த மெட்டு முழுக்க ஸ்டாஃபின் கீழ்ப் பாதியில்தான் நடமாடுகிறது என்பது விரலுக்கே தெரிந்துவிடும்.

நான்காவது பாரில்தான் கொஞ்சம் வேலை. முதல் நோட் இ, ஒன்றரை எண்ணிக்கை. நிறைந்த தலை, கொம்பு, தலைக்கு வலப்பக்கம் ஒரு சின்னப் புள்ளி. கோட்டின் மேல் உட்கார்ந்த நோட்டு என்பதால் புள்ளியைக் கோட்டிலேயே வைத்தால் மறைந்துவிடும், அதனால் மேல் சந்தில் வைப்பார்கள். அடுத்தது டி, வாலோடு. கடைசி டி, ஓட்டைத் தலை.

படி 6: அதே பாட்டு பிரெயிலில்

ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இரண்டும் மனதில் நிற்கும். பிரெயிலில் ஒரே கட்டத்துக்குள் சுரமும் காலமும் அடங்கிவிடும். 1, 2, 4, 5 புள்ளிகள் சுரம், 3-உம் 6-உம் காலம். முதல் பார் இப்படி வரும்: நான்காவது ஆக்டேவுக்குப் புள்ளி 5, பிறகு 1-2-4-6 இரண்டு முறை, 1-2-4-5-6, 1-2-5-6. பார் லைனுக்குப் பதில் ஒரு வெற்றிடம். நான்காவது பார்: 1-2-4-6, அதை நீட்டப் புள்ளி 3, குவேவர் டி 1-5, மினிம் டி 1-3-5.

அட்டையில் ஒரு முழ நீளம் பிடித்த பாட்டு பிரெயிலில் ஒரு சாணுக்குள் முடிந்துவிடுகிறது. லூயி பிரெயில் பாரிசில் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தவர். 1829-இல் வெளிவந்த அவருடைய முதல் புத்தகத்திலேயே இசைக்கும் குறியீடு உண்டு. ஒரு கையால் படித்து மறுகையால் வாசிக்க வேண்டியவருக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

படி 7: ஷார்ப், ஃபிளாட்

ஷார்ப் என்பது போன் கீபேடில் உள்ள ஹேஷ் குறிபோல, இரண்டு நெட்டுக் கோடு, இரண்டு குறுக்குக் கோடு. ஃபிளாட் ஒரு நெட்டுக் கோடு, அதன் அடியில் வலப்பக்கம் ஒரு சின்ன வயிறு. நேச்சுரல் ஒரு சதுரம், அதன் இடது ஓரம் மேலே நீண்டிருக்கும், வலது ஓரம் கீழே.

வாயால் "பி ஃபிளாட்" என்போம். தாளில் ஃபிளாட் முன்னால் வந்துவிடும், நோட்டுக்கு இடப்பக்கம், அதே கோட்டில் அல்லது சந்தில். ஒரு பாரின் நடுவே போட்ட ஷார்ப் அந்தப் பார் முடியும்வரை அதே இடத்தில் வரும் எல்லா நோட்டுக்கும் செல்லும். கொயர் மாஸ்டர் "முன்னாடியே போட்டாச்சு, மறுபடி எதுக்குப்பா" என்பது இதைத்தான்.

பாட்டு முழுவதற்குமான ஷார்ப், ஃபிளாட்கள் கிளெஃபுக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கும். அதுதான் கீ சிக்னேச்சர். பிரெயிலில் மூன்று ஃபிளாட் என்றால் மூன்று முறை 1-2-6 போட்டு முடித்துவிடுவார்கள், எது எது என்று நாம்தான் அறிந்திருக்க வேண்டும். அச்சில் ஒவ்வொன்றும் தன் கோட்டிலோ சந்திலோ உட்கார்ந்து தானே சொல்லிவிடும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் திரும்பவும் வரும். ஆக, "எத்தனை ஃபிளாட்?" என்று கேட்டாலே போதும், பி, இ, ஏ, டி, ஜி, சி, எஃப் என்ற வரிசையில் நீங்களே எண்ணிக்கொள்ளலாம். ஷார்புக்கு அப்படியே தலைகீழ்.

படி 8: புள்ளி எங்கே இருக்கிறது?

பார்வையுள்ளவர் "இங்க ஒரு டாட் இருக்கு" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். எங்கே என்று கேளுங்கள். தலைக்கு வலப்பக்கம் என்றால் நீளம் ஒன்றரை மடங்கு. தலைக்கு மேலே அல்லது கீழே என்றால் ஸ்டக்காட்டோ, அதாவது வெட்டி வாசிக்க வேண்டும். பார் லைனை ஒட்டி நடு இரண்டு சந்துகளில் இரண்டு புள்ளி என்றால் திரும்ப வாசிக்க வேண்டும். ஒரு அரைவட்டத்துக்குள் என்றால் ஃபெர்மாட்டா, நிறுத்திப் பிடிக்க வேண்டும். பிரெயிலில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறி, குழப்பமே இல்லை. அச்சில் ஒரே புள்ளி, இடத்தைப் பொறுத்து வேலை. நம் சுரக்குறிப்பிலும் எழுத்துக்கு மேலே புள்ளி என்றால் தாரம், கீழே என்றால் மந்தரம் இல்லையா, அதே கதைதான்.

வளைந்த கோட்டுக்கும் இப்படித்தான். ஒரே சுரத்தின் இரண்டு நோட்டுகளைச் சேர்த்தால் டை, இரண்டாவதைத் திரும்ப அழுத்தக்கூடாது. வெவ்வேறு சுரங்களைச் சேர்த்தால் ஸ்லர், விடாமல் இணைத்து வாசிக்க வேண்டும்.

படி 9: நான்கு குரல் தாள்

இப்போது கொயர் மாஸ்டரிடம் வருவோம். பாமாலை மெட்டுகளும் கேரல்களும் பெரும்பாலும் இரண்டே ஸ்டாஃபில் நான்கு குரலையும் அடக்கி அச்சிடப்பட்டிருக்கும். மேல் ஸ்டாஃபில் பெண்களின் மேல்குரலான சொப்ரானோவும் கீழ்க்குரலான ஆல்டோவும், கீழ் ஸ்டாஃபில் ஆண்களின் மேல்குரலான டெனரும் கீழ்க்குரலான பேஸும். ஒரே ஸ்டாஃபில் இரண்டு குரல் இருந்தால் எது யாருடையது? அதற்குத்தான் கொம்பு. சொப்ரானோவுக்கும் டெனருக்கும் கொம்பு எப்போதும் மேலே, ஆல்டோவுக்கும் பேஸுக்கும் எப்போதும் கீழே. நடுக்கோட்டு விதியெல்லாம் இங்கே செல்லாது. இரண்டு குரலும் ஒரே சுரத்தில் சேர்ந்தால் ஒரு தலைக்கு மேலும் கீழுமாக இரண்டு கொம்பு இருக்கும். பாட்டு வரிகள் இரண்டு ஸ்டாஃபுக்கும் நடுவே ஓடும்.

அட்டையில் இதைச் செய்து பாருங்கள். ஒரு சி-யும் அதற்குக் கீழே ஒரு ஏ-யும், ஒன்றுக்கு மேலே கொம்பு, ஒன்றுக்குக் கீழே. தொட்டவுடன் இரண்டு ஆட்கள் என்பது தெரிந்துவிடும்.

பிராக்டிஸில் இடம் சொல்வதில்தான் அதிகக் குழப்பம். "மூணாவது லைன்ல இருந்து எடுங்க" என்றால் அது தாளில் மூன்றாவது வரிசை, ஸ்டாஃபின் மூன்றாவது கோடு இல்லை. பாட்டின் மூன்றாவது அடியாகவும் இருக்கலாம்! உங்கள் பிரெயில் தாளில் வரிகள் வேறு இடத்தில் உடையும் என்பதால் இது உதவவே உதவாது. பார் எண் கேளுங்கள். அச்சிலும் பிரெயிலிலும் மாறாதது அது ஒன்றுதான். பல தாள்களில் ஒவ்வொரு வரிசையின் இடது மூலையிலும் சின்னதாக எண் போட்டிருக்கும், "அண்ணா, அந்த ஓரத்துல நம்பர் என்ன?" என்றால் சொல்லிவிடுவார்கள். எண் இல்லாத தாள் என்றால் பிராக்டிஸுக்கு முன்னால் யாரையாவது பேனாவால் எழுதிவிடச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கும் அது வசதிதான்.

படி 10: மியூஸ்ஸ்கோர்

அட்டை புரிந்த பிறகு கம்ப்யூட்டருக்குப் போங்கள், அதற்கு முன் வேண்டாம். மியூஸ்ஸ்கோர் என்பது இசைத்தாள் எழுதவும் படிக்கவும் உதவும் மென்பொருள். இலவசம், திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் என்விடிஏ ஸ்கிரீன் ரீடரோடு நன்றாகப் பேசும். மொழியை பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு மாற்றினால் குரோச்செட், மினிம் என்று நமக்குப் பழகிய பெயரிலேயே சொல்லும். வலது அம்புக்குறியை அழுத்தினால் அடுத்த நோட், அதன் சுரம், காலம், பார் எண் எல்லாம் காதில் விழும். ஆல்ட் (Alt) கீயோடு சேர்த்து அழுத்தினால் நோட்டுகளோடு மற்ற குறிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகும். கன்ட்ரோல் எஃப் அழுத்தி எண் கொடுத்தால் அந்த பாருக்கே போய்விடலாம். அது சொல்லும் இ4-இல் உள்ள நான்கும் பிரெயிலின் நான்காவது ஆக்டேவும் ஒன்றே. நான்காவது பதிப்பில் பிரெயில் பலகமும் உண்டு, கர்சர் இருக்கும் பாரை பிரெயில் நொட்டேஷனில் காட்டும்.

ஸ்கேன் செய்த பிடிஎஃபை மட்டும் யாராவது வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் அது வெறும் படம், ஸ்கிரீன் ரீடர் வாயே திறக்காது. மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பு, அதாவது கம்ப்யூட்டர் நோட்டு நோட்டாகப் படிக்கக்கூடிய இசைக் கோப்பு, இருக்கிறதா என்று கேளுங்கள், கொயரில் கம்ப்யூட்டரில் தட்டுபவர் ஒருவராவது இருப்பார். இல்லையென்றால் ஆடிவெரிஸ் என்ற இலவச மென்பொருள் படத்திலிருந்து மியூசிக்எக்ஸ்எம்எல் எடுத்துத் தரும். நம் சொந்த உபயோகத்துக்கு இப்படி மாற்றிக்கொள்வதற்குக் காப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்திலேயே இடம் இருக்கிறது. பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூல்களை மாற்ற வழிவிடும் மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்றதும் இந்தியாதான். ஆகவே யாராவது முகம் சுளித்தால் தயங்க வேண்டாம்.

ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த தாள் என்றால் மென்பொருள் தடுமாறும். புள்ளியை விட்டுவிடும், டையைத் தவறவிடும், தமிழ் வரிகளைக் கண்டபடி எழுதும். நான்கு எண்ணிக்கை இருக்க வேண்டிய பாரில் மூன்றரை வந்தால் அங்கே ஏதோ போய்விட்டது என்று அர்த்தம். அந்த பார்களை மட்டும் குறித்துக்கொண்டு வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, "எட்டாவது பார், கீழ் ஸ்டாஃப், கொம்பு மேல போற ரெண்டாவது நோட்டு, கீழ இருந்து எத்தனையாவது கோட்டுல இருக்கு, பக்கத்துல புள்ளி இருக்கா?" என்று கேளுங்கள். அவருக்கு இசையில் ஒரு அட்சரம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஐந்து வரை எண்ணத் தெரிந்தால் பதில் வந்துவிடும்.